நமீபியாவில் முதல் வேட்டை: ஒரு ஓரிக்ஸ் மான், நாலு மணி நேரம், என் தப்பு

#1 ஜோபர்க்_செந்தில்

போன மாதம் நமீபியா போய் வந்தேன். இங்கே சிலர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், எழுதிவிடுகிறேன். பெருமையாக எழுத ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரில் கோழி அறுப்பதுகூட அப்பாதான். நான் சுடுதண்ணீர் எடுத்து வந்து இறகு பிடுங்குவேன், அதோடு சரி. ஜோகன்னஸ்பர்க்கில் ஆறு வருட வேலையில் பக்கத்து மேசைக்காரர் ஒரு ஆப்பிரிக்கானர். ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு வாரம் காணாமல் போவார். திரும்பி வந்தால் அலுவலகம் முழுக்க பில்டாங். பில்டாங் என்றால் வேறொன்றும் இல்லை, நம் உப்புக்கண்டம்தான். நாம் மஞ்சள் தடவும் இடத்தில் அவர்கள் வினிகரும் வறுத்த கொத்தமல்லியும் சேர்ப்பார்கள், அதையும் வெயிலில் போடாமல் காற்றில் தொங்கவிடுவார்கள். ஆறு வருடம் தின்றுவிட்டேன். இது எப்படி வருகிறது என்று ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அவருடைய சொந்தக்காரர்களுக்கு ஒட்ஜிவாரோங்கோ பக்கம் பழக்கமான ஒரு பண்ணை. விண்ட்ஹுக்கிலிருந்து வடக்கே பி1 சாலையில் சுமார் 250 கிலோமீட்டர். பண்ணை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் கிழக்கே வாட்டர்பெர்க் மலை, மேலே மட்டமாக வெட்டி வைத்தது போல, சாயங்காலம் செங்கல் நிறத்தில் தெரியும். ஜூலை மாதம். பகலில் சட்டை போதும். விடிகாலையில் ஜீப்பின் பின்னால் நின்றால் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கி வாடகைக்குப் பண்ணையிலேயே கிடைத்தது. பாயின்ட் 308, முன்னால் சத்தம் குறைக்கும் குழாய். போவதற்கு முன் மூன்று மாதம் இங்கே பயிற்சிக் கூடத்தில் சுட்டுப் பழகினேன். மேஜை முன் நாற்காலி, மணல் மூட்டை மேல் துப்பாக்கி, 100 மீட்டர். போகப் போக ஐந்து தோட்டாவும் உள்ளங்கைக்குள் விழ ஆரம்பித்தன. பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைப்பு.

பண்ணையில் முதல் நாள் வேட்டை கிடையாது. பி.எச். (தொழில்முறை வேட்டை வழிகாட்டி, அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்) அட்டைப் பெட்டி ஒன்றை வைத்துச் சுடச் சொன்னார். மேஜையிலிருந்து சரியாகப் போனது. அப்புறம் மூன்று கோலைச் சேர்த்துக் கட்டிய ஒரு தாங்கியை என் முன் விரித்து வைத்து, "இப்போது நின்றுகொண்டு" என்றார். ஒரு சாண் தள்ளிப் போனது. அடுத்தது இன்னும் மோசம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி, நாம் 100 மீட்டருக்குள் போய்ச் சுடுவோம்" என்றார்.

இரண்டு நாள் நடந்தோம், ஒன்றும் அமையவில்லை. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி வாக்கில் தனியாக ஒரு ஓரிக்ஸ் ஆண். சாம்பல் உடம்பு, கறுப்பு வெள்ளை முகம், ஈட்டி மாதிரி இரண்டு நேர்க் கொம்பு. காற்று எங்கள் முகத்தில். 90 மீட்டருக்குப் போய்விட்டோம். தாங்கியை வைத்தார். விலங்கு எங்களை நோக்கிச் சாய்வாக நின்றது, முழுப் பக்கமும் காட்டவில்லை. பி.எச். காதில் "பொறு, திரும்பட்டும்" என்றார். எனக்குக் கேட்டது, புரிந்தது. ஆனால் குறிக்கண்ணாடிக்குள் அந்தத் தோளும் அதன் பின்னால் இருந்த மடிப்பும் தெரிந்தன, விரல் தானாக வேலை செய்துவிட்டது.

தோட்டா பட்ட சத்தம் திரும்பி வந்தது. "டக்" என்று இல்லை. ஈரச் சாக்கில் கம்பால் அடித்தது மாதிரி "தொப்". பி.எச்.சும் தடம் பார்ப்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

மீதியை ராத்திரி எழுதுகிறேன்.

#2 புதுசு_2

அண்ணா, ஆகுற செலவையும் சேர்த்து எழுதுங்க. போட்டோவும் போடுங்க.

#3 பெர்த்_முருகேசன்

"தொப்" என்று படித்ததுமே தெரிந்துவிட்டது, செந்தில். வயிறு.

நான் லிம்போபோவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், ஆஸ்திரேலியாவில் ஆடும் பன்றியும் சுட்டுப் பழக்கம். முதல் முறை போகிறவர்கள் செய்யும் தப்பு இதுதான். "தோளுக்குப் பின்னால் சுடு" என்று எங்கோ படித்துவிட்டு வருவார்கள். ஆப்பிரிக்க மான்களுக்கு இதயம் நாம் நினைப்பதைவிட முன்னாலும் கீழேயும் இருக்கிறது. பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலை அப்படியே மேலே பார்த்துக்கொண்டு போங்கள், உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அங்கே. சாய்வாக உங்களைப் பார்த்து நிற்கும் விலங்கைத் தோளுக்குப் பின்னால் சுட்டால் தோட்டா இதயத்தைத் தாண்டி ஈரலுக்கும் வயிற்றுக்கும் போய்விடும்.

துப்பாக்கியைப் பற்றி இங்கே யாரும் சண்டை போட வேண்டாம். நமீபியச் சட்டம் தோட்டாவுக்குக் குறைந்தபட்ச சக்தி வைத்திருக்கிறது: ஸ்பிரிங்பாக் போன்ற சின்ன மானுக்கு 1350 ஜூல், ஓரிக்ஸ், குடு போன்ற பெரிய மான்களுக்கு 2700, எருமை யானைக்கு 5400. 308 அதைத் தாராளமாகத் தாண்டும். தப்பு துப்பாக்கியில் இல்லை.

#4 தேன்மொழி_கோவை

நான் பறவை பார்க்கிற ஆள், வேட்டையோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும் படிக்கிறேன். ஒரு கேள்வி மட்டும்: அந்தத் "தொப்" சத்தத்துக்கு அப்புறம் அந்த விலங்கு எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது?

#5 ஜோபர்க்_செந்தில்

தேன்மொழி, நாலு மணி நேரம். தலைப்பில் போட்டிருப்பது அதைத்தான்.

அது விழவில்லை. முதுகை வளைத்து ஒரு குதி, அப்புறம் முள்ளுக்குள் ஓட்டம். பி.எச். உடனே துரத்த விடவில்லை. துரத்தினால் இன்னும் ஓடும், விட்டால் எங்காவது படுக்கும். நாற்பது நிமிடம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். பிளாஸ்க்கில் டீ கொடுத்தார்கள், எனக்கு இறங்கவில்லை. தடம் பார்ப்பவர் மட்டும் ரொட்டி தின்றார். டமாரா இனத்தவர், அறுபது வயது இருக்கும். காலில் டயர் செருப்பு மாதிரி ஒன்று, கையில் ஒரு மெல்லிய குச்சி. அவ்வளவுதான் சாமான்.

சுட்ட இடத்தில் ரத்தமே இல்லை. இருபது அடி தள்ளி ஒரு புல்லைக் குச்சியால் ஒதுக்கிக் காட்டினார். புல்லின் உட்பக்கத்தில், தரையிலிருந்து என் முழங்கால் உயரத்தில், மிளகு அளவு ஒரு சொட்டு. அதை விரலில் எடுத்துத் தேய்த்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். கறுப்பு கலந்த சிவப்பு, நடுவில் பச்சையாக ஒரு துணுக்கு. மென்ற புல். நுரையீரல் ரத்தமாக இருந்தால் இளஞ்சிவப்பில் நுரைத்திருக்குமாம். இது ஈரலும் வயிறும். மணம் எனக்கே தெரிந்தது, மாட்டுத் தொழுவ வாடை.

அதற்கப்புறம் ரத்தம் பேருக்குத்தான். அவர் குளம்புத் தடத்திலேயே போனார். அந்தக் காட்டில் நாற்பது ஐம்பது ஓரிக்ஸ் இருக்கும், எல்லாத் தடமும் எனக்கு ஒன்றுதான். பின்னங்கால் ஒன்றை இது லேசாக இழுத்துக்கொண்டு போகிறது, மண்ணில் நகத்தால் கீறியது மாதிரி ஒரு கோடு விழும், அதைத்தான் அவர் படித்துக்கொண்டு போனார். கல் தரை வந்தால் நிற்பார். ஒரு சுற்றுச் சுற்றி வருவார். குச்சி கீழே இறங்கும். மறுபடி நடை.

வழியெல்லாம் முள். அதில் ஒன்றுக்கு ஆப்பிரிக்கான்ஸில் "கொஞ்சம் பொறு" என்றே பேர், நம் இலந்தைக்குச் சொந்தக்காரன். ஜோடி ஜோடியாக முள், ஒன்று நேராகக் குத்தும், மற்றது வளைந்து பிடித்துக்கொள்ளும். முன்னால் போனால் ஒன்று, பின்னால் இழுத்தால் இன்னொன்று. காலையில் நான் கேட்காமல் போன அதே வார்த்தையைச் செடி சட்டையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஒரு மணிக்கு மேல் பி.எச். வண்டியிலிருந்து நாயைக் கொண்டுவரச் சொன்னார். முழங்கால் உயரம்கூட இல்லாத டெரியர். பத்து நிமிடத்தில் தூரத்தில் குரைப்புச் சத்தம், ஒரே இடத்திலிருந்து. போய்ப் பார்த்தால் ஓரிக்ஸ் பின்பக்கத்தை முட்புதருக்குள் கொடுத்துவிட்டுத் தலையைத் தாழ்த்தி நிற்கிறது. கொம்பு இரண்டும் தரையோடு சமமாக, நாயைப் பார்த்து. அந்த நிலையில் பக்கத்தில் போகிறவனைக் குத்திவிடும், நாய்கள் நிறையச் செத்திருக்கின்றன என்று அப்புறம் சொன்னார்கள். நாற்பது மீட்டரிலிருந்து தோளில் சுட்டேன். முன்னங்கால் மடிந்தது. "மறுபடி" என்றார். மறுபடி சுட்டேன்.

பி.எச். ஒரு மரக்கிளையை ஒடித்து அதன் வாயில் வைத்தார். கடைசிக் கவளம் என்று ஜெர்மன்காரர் வழக்கம். அங்கே ஜெர்மன் காலத்துப் பழக்கங்கள் பல அப்படியே இருக்கின்றன. எனக்கு அந்த நேரத்தில் வாய்க்கரிசிதான் ஞாபகம் வந்தது. வேட்டை முடிந்த முதல் ராத்திரி ஈரலை வெங்காயத்தோடு வதக்கித் தருவது பண்ணை வழக்கமாம். இந்த ஈரல் உதவாது என்று தூக்கிப் போட்டார்கள். வயிற்றுச் சாறு பட்ட இறைச்சியையும் வெட்டி ஒதுக்க வேண்டியிருந்தது. சமையல்காரம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு முட்டை பொரித்துக் கொடுத்தார்.

#6 வவுனியா_பாலா

செந்தில் அண்ணை, வாசிக்கேக்க நெஞ்சு கனத்தது. எங்கட அப்பு வன்னியில துவக்கு வைச்சிருந்தவர். மரையும் பன்றியும் சுட்டு வத்தல் போட்டுத் தேனுக்குள்ள ஊற வைப்பினம். அவர் சொல்லுறது: வெடி வைக்கிறது அரைவாசி வேலைதான், வெடிபட்டதைத் தேடிப் பிடிக்கேலாதவன் காட்டுக்குள்ள போகப்படாது. அவர் ஒருக்கா காயப்பட்ட மரையை ரெண்டு நாள் தேடினவர், கிடைக்கேல்ல. பிறகு அந்த வருசம் முழுக்கத் துவக்கைத் தொடவே இல்லை.

அந்தத் தடம் பார்த்த ஐயா உங்களோட ஏதும் கதைத்தவரோ?

#7 புதுசு_2

சூப்பர் அண்ணா. எவ்வளவு ஆச்சு? கொம்பை இந்தியாவுக்கு எடுத்துட்டு வரலாமா?

#8 பெர்த்_முருகேசன்

செலவை நான் சொல்கிறேன், பட்டியல்கள் பார்த்துப் பழக்கம். இரண்டு கணக்கு தனித்தனி. ஒன்று நாள் வாடகை: தங்கல், சாப்பாடு, பி.எச்., வண்டி, தடம் பார்ப்பவர் எல்லாம் சேர்த்து. நமீபியாவில் நான் பார்த்தவரை ஒரு நாளைக்கு 300 முதல் 450 அமெரிக்க டாலர். இரண்டாவது விலங்குக்கு விலை: ஓரிக்ஸ் 500, 700 என்று இருக்கும், வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றி அதைவிடக் குறைவு, குடு ஆண் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். அப்புறம் துப்பாக்கி வாடகை, அன்பளிப்பு, கொம்பைச் சுத்தம் செய்து அனுப்பும் செலவு. இந்தக் கடைசி ஒன்றில்தான் பலர் விழிப்பார்கள். தலையைப் பாடம் பண்ணிச் சுவரில் மாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால் விலங்கின் விலையைவிட அது அதிகமாகலாம்.

ஒன்று முக்கியம். ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் முழு விலை. விலங்கு கிடைக்காமல் போனாலும் காசு கொடுத்தே ஆக வேண்டும். செந்திலுக்குக் கிடைத்துவிட்டது, கிடைக்காமல் போயிருந்தாலும் பில் அதேதான்.

இந்தியாவுக்குக் கொம்பு கொண்டுவருவதை மறந்துவிடு தம்பி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் வீட்டில் ஒரு மான் கொம்பு மாட்டியிருந்தாலே வனத்துறை வந்து கேட்கும் ஊர் நம் ஊர். விமான நிலையத்தில் யாரிடம் போய் இது நமீபியா என்று விளக்கிக்கொண்டிருப்பாய்?

#9 தேன்மொழி_கோவை

செந்தில், நேர்மையாக எழுதியதற்கு நன்றி. என் மனம் மாறவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

வேட்டைக் காசுதான் காட்டைக் காப்பாற்றுகிறது என்று இப்போது யாராவது ஆரம்பிப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அந்தக் காசு எங்கே போனது என்று பாருங்கள். 2016இல் ஹொரைசன் என்ற ஒரே ஒரு எருமைக் காளையின் கால் பங்கு 4.4 கோடி ராண்டுக்கு விற்றது. கொம்பு நீளத்துக்காக. கறுப்பு இம்பாலா, பொன்னிற வில்டபீஸ்ட் என்று மான்களை நிறம் நிறமாக வளர்த்தார்கள். இதற்குக் காடு என்று பேர் எதற்கு? மாட்டுச் சந்தை என்றே சொல்லலாமே.

#10 பெர்த்_முருகேசன்

நிற மான் வியாபாரத்தை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் நமீபியா கதை வேறு. அங்கே 1967இல்தான் பண்ணைக்காரர்களுக்குத் தங்கள் நிலத்து விலங்குகள் மேல் உரிமை வந்தது. அதற்கு முன் அவர்களுக்கு ஓரிக்ஸ் என்றால் மாட்டுப் புல்லைத் தின்ன வருகிற தொல்லை. உரிமை வந்ததும் அதே ஓரிக்ஸ் வருமானம் ஆகிவிட்டது. 1996இல் அதே உரிமையைப் பொது நிலங்களில் வாழும் மக்களுக்கும் சட்டம் கொடுத்தது, 1998இல் முதல் நாலு கன்சர்வன்சிகள் (ஊர் மக்களே தங்கள் பகுதி விலங்குகளை நிர்வகிக்கும் அமைப்புகள்), இப்போது 86. வேட்டைப் பணமும் இறைச்சியும் கிராமத்துக்கே போகின்றன. மறுபக்கம் கென்யாவைப் பாருங்கள், 1977இல் வேட்டையைத் தடை செய்தார்கள், அதற்கப்புறமும் விலங்குகள் குறைந்துகொண்டேதான் வந்தன.

#11 தேன்மொழி_கோவை

கென்யாவில் மக்கள் தொகை பெருகியது, ஆடு மாடு பெருகியது, மேய்ச்சல் நிலத்தில் வேலி வந்தது, மழை பொய்த்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1977 ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி?

கன்சர்வன்சி நல்ல ஏற்பாடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செந்தில் போனது கன்சர்வன்சிக்கு இல்லையே. தனியார் பண்ணை. நமீபியாவின் தனியார் விவசாய நிலத்தில் சுமார் 70 சதவீதம் இன்றும் வெள்ளையர் கையில். திண்ணையிலிருந்து அழகாகத் தெரிந்தது என்று எழுதினாரே வாட்டர்பெர்க், 1904 ஆகஸ்டில் ஜெர்மன் படை ஹெரேரோ மக்களை அங்கேதான் சுற்றி வளைத்தது. தப்பியவர்களைத் தண்ணீர் இல்லாத ஒமஹேகே பாலைக்குள் விரட்டிச் சாக விட்டார்கள். ஜெர்மனி அதை இனப்படுகொலை என்று ஒத்துக்கொண்டது 2021இல். அந்த நிலத்தில் தடம் பார்க்கிறவர் ஒருவர், விலங்குக்கு விலை வாங்குகிறவர் வேறொருவர். இதை வேட்டையிலிருந்து பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

#12 ஜோபர்க்_செந்தில்

தேன்மொழி சொன்னதில் எனக்குப் பதில் இல்லாத விஷயம் இருக்கிறது. மலை அடிவாரத்தில் ஜெர்மன் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று, நன்றாகப் பராமரித்து வைத்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பும் நாள் போய்ப் பார்த்தேன். அங்கே எழுதியிருந்ததை ஆங்கிலத்தில் படித்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன். அவ்வளவுதான் நான் யோசித்தது.

இறைச்சியைப் பற்றிக் கேட்டால் அதற்கு மட்டும் பதில் இருக்கிறது. வீணாகவில்லை, கெட்டதை வெட்டியது போக. குடல், தலை, ஒரு முன்தொடை வேலைக்காரர்கள் குடும்பங்களுக்கு. மீதி குளிர் அறையில் தொங்கி ஒட்ஜிவாரோங்கோ கசாப்புக் கடைக்குப் போனது. எனக்குக் கிடைத்தது சாப்பாட்டு மேஜையில் வந்தது மட்டும்தான். எல்லை தாண்டிப் பச்சை இறைச்சி எதுவும் நான் கொண்டுவரவில்லை. ஆக, பில்டாங் எப்படி வருகிறது என்று பார்க்கப் போனவன் பில்டாங் இல்லாமல் வந்தேன்.

அங்கே இறைச்சி சின்ன விஷயம் இல்லை. 2024 வறட்சியில் அரசாங்கமே 723 காட்டு விலங்குகளைச் சுட்டு மக்களுக்கு இறைச்சியாகக் கொடுக்க முடிவு செய்தது. 83 யானை, 300 வரிக்குதிரை அதில் அடக்கம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் கொதித்தன. பண்ணையில் அதைப் பற்றிக் கேட்டேன். சமையல்காரம்மா, "வரிக்குதிரை கொழுப்பு மஞ்சளாக இருக்கும், எனக்குப் பிடிக்காது" என்றார். அவருக்கு அது அரசியல் இல்லை.

#13 நெறியாளர்

நீக்கிய இரண்டு பதிவுகள் தனிப்பட்ட வசை. வேட்டை சரியா தப்பா என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், ஒருவர் சாப்பாட்டையும் சாதியையும் இழுக்காதீர்கள்.

#14 புதுசு_2

நானும் ஒரு நாள் போகணும்னு இருக்கேன். என்ன பழகணும்?

#15 பெர்த்_முருகேசன்

மேஜையை விட்டு எழுந்திரு. அது முதல். மூன்று மூங்கில் கோலை ரப்பர் டியூபால் கட்டினால் தாங்கி தயார், காசே வேண்டாம். வீட்டு மாடியில் குண்டு இல்லாத காற்றுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டாவது நின்று பழகு. நின்றபடி எத்தனை மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் பத்துக்குப் பத்து போடுகிறாயோ அதுதான் உன் எல்லை. பக்கத்து மேசைக்காரர் 300 மீட்டரில் போட்டால் அது அவருடைய எல்லை.

இரண்டாவது, சுட்ட உடனே தலையைத் தூக்கிப் பார்க்காதே. அடுத்த தோட்டாவை ஏற்றிக் குறியிலேயே இரு. இது எனக்கு என் பி.எச். தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்தது.

கொம்பு அளவு பித்து வேண்டாம். ரோலண்ட் வார்ட் என்ற கொம்பு அளவுப் பதிவுப் புத்தகத்தில் இடம்பெற ஓரிக்ஸுக்குக் குறைந்தது 40 அங்குலம் என்று ஒரு வாசல் இருக்கிறது. ஓரிக்ஸில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு, ஆணுடையதைவிட மெல்லியது, பெரும்பாலும் நீளம் அதிகம். அங்குலக் கணக்குப் பார்க்கிறவன் குட்டி போடுகிற பெண்ணைத்தான் தேடிப் போவான். வயதான ஆணைச் சுடு. கொம்பு நுனி தேய்ந்து குட்டையாக இருந்தால் இருக்கட்டும்.

#16 தேன்மொழி_கோவை

முதல் தடவையாக முருகேசன் எழுதியதற்கு விருப்பக்குறி போடுகிறேன். திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தில், மறுபடி போவீர்களா?

#17 ஜோபர்க்_செந்தில்

தெரியவில்லை. அனுமதியில் ஒரு ஸ்பிரிங்பாக்கும் ஒரு வார்ட்ஹாக்கும் பாக்கி இருந்தன. ஸ்பிரிங்பாக்கை விட்டுவிட்டேன். கடைசி நாள் வார்ட்ஹாக் ஒன்று தண்ணீர்த் தொட்டிக்கு வந்தது, 60 மீட்டர், முழுப் பக்கவாட்டு. பி.எச். "இப்போது" என்று சொல்லும் வரை, அவர் சொல்லி ஒரு மூச்சு விட்ட பிறகுதான் சுட்டேன். நின்ற இடத்திலேயே விழுந்தது. ஈரல் நன்றாக இருந்தது. வெங்காயமும் வினிகரும் போட்டு வதக்கித் தந்தார்கள், சமையல்காரம்மா இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

பாலா, ஐயா பேசினாரா என்று கேட்டீர்கள். எனக்கு ஆப்பிரிக்கான்ஸ் அரைகுறை, அவருடைய மொழியில் நாக்கைச் சொடுக்கும் ஒலிகள், எனக்கு வாயே வராது. ஓரிக்ஸை வண்டியில் ஏற்றக் காத்திருந்தபோது என்னைக் கூப்பிட்டார். குச்சியால் மணலில் ஒரு ஓரிக்ஸ் வரைந்தார், நான் சுட்டபோது நின்ற அதே சாய்வில். முன்னங்கால்களை வரைந்தார். பக்கத்தில் விழுந்து கிடந்த ஒட்டக முள் மரத்துக் காய் ஒன்றை எடுத்து நெஞ்சில், இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்தார். அப்புறம் ஒரு கூழாங்கல்லை என் கையில் கொடுத்து, எங்கே குறி பார்த்தாய் என்று சாடையில் கேட்டார். வைத்தேன். காய்க்கும் கல்லுக்கும் நடுவே தன் கையை விரித்து அளந்து காட்டினார். ஒரு சாண்.

புதுசு_2, போட்டோ கேட்டாயே. விலங்கோடு நின்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மணல் படத்தை மட்டும் எடுத்தேன், கீழே இணைத்திருக்கிறேன். நடுவில் கலைந்திருப்பது நாய் நடந்துபோன தடம்.